சொந்தக் குரலுக்கு அந்நியப் பூட்டு

ஒலி, ஒளிப் பதிவுகளை உரிமையாளரின் அனுமதியில்லாமல் படியெடுக்க முடியாதபடி கருவிக்குள்ளும் மென்பொருளுக்குள்ளும் வைக்கப்படும் தொழில்நுட்பப் பூட்டே நகல் தடுப்பு. விற்பனைக்கு வரும் பாடல்களைக் காப்பதற்காக உருவான இந்தப் பூட்டு, விற்பனைக்கே வராத பதிவுகளின் மீதும் விழுந்துவிட்டது. பாட்டி சொன்ன கதையையும், தாய் பாடிய தாலாட்டையும், திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தையும் தன் கருவியில் தானே பதிந்தவர்கூட, கருவி பழுதானதும், மென்பொருள் மாறியதும் அவற்றைத் திறக்க முடியாமல் நிற்கிறார். பதிந்தவரும் அவரே, காசு கொடுத்துக் கருவி வாங்கியவரும் அவரே. ஆனால் சாவி மட்டும் அவரிடம் இல்லை. வாய்மொழி மரபு இன்னும் உயிரோடு இருக்கும் ஊர்களுக்கு இது பேரிழப்பு. செஞ்சி வட்டாரம் அத்தகைய பகுதிகளில் ஒன்று.

செஞ்சியின் ஒலிச் செல்வம்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் காலத்து 12 கோட்டைகள் அடங்கிய தொகுதியில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. அந்தத் தொகுதியில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை இதுதான். கல்லில் நிற்கும் மரபுக்கு இந்தக் கவனம் கிடைத்தது நியாயமே. ஆனால் இதே மண்ணில் குரலில் மட்டுமே நிற்கும் மரபும் இருக்கிறது.

பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலை, திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகப் பக்தர்கள் கருதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்வழிபாட்டைப் பற்றி 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதியின் தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் உண்டு. இப்பகுதியின் பாரத விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். இரவில் கூத்து நடக்கும். துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளமும் தீமிதியும் விழாவை நிறைவுசெய்யும். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்ட தேசிங்கு ராஜனின் கதையும் பாட்டாகவும் நாடகமாகவும் தலைமுறை கடந்து வந்திருக்கிறது. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தனி.

கூத்து வாத்தியாரின் ஏட்டில் பாடல் வரிகள் இருக்கும். முகவீணையும் ஆர்மோனியமும் எடுக்கும் சுருதி, பாட்டை இழுத்து நிறுத்தும் இடம், நடிகர் மேடையிலேயே கட்டும் வசனம், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அன்றைய ஊர் நிலவரத்தை வைத்து அடிக்கும் பேச்சு ஆகியவை ஏட்டில் ஏறுவதில்லை. ஒரு வாத்தியார் மறைந்தால் அவருடைய முறை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, அவருடைய மாணவர்களை விட்டால் ஒலிப்பதிவே பதில். அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஆவணக் காப்பகங்களில் இல்லை. வீட்டு அலமாரியில் கிடக்கும் கேசட்டிலும், பழைய கணினியிலும், செல்போன் மெமரி கார்டிலும்தான் அவை இருக்கின்றன. அதனால்தான் அவற்றின் மீது விழும் பூட்டு ஒரு குடும்பத்தின் சிக்கல் என்ற அளவில் நிற்பதில்லை.

பூட்டில்லாத நாடா

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த ஒலிநாடா, 1980களில் இந்தியச் சிற்றூர்கள் வரை பரவியது. டேப் ரெக்கார்டர் வைத்திருந்த எவரும் கூத்தைப் பதியலாம். இரண்டு நாடாக்களைப் போடும் கருவி இருந்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும், தெளிவு குறையும். ஆனால் எந்தப் பிரதியும் மூடிக்கொள்ளாது. 50 ஆண்டுகளுக்கு முந்தைய கேசட்டாக இருந்தாலும், பூஞ்சை பிடிக்காமலும் நாடா அறுபடாமலும் இருந்தால், ஓடும் கருவி ஒன்று போதும்.

கேசட்டுக்கும் காலக்கெடு உண்டு. நாடாவை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அருகிவருவதால், காந்த நாடாப் பதிவுகளை விரைந்து எண்மமாக்கும்படி (டிஜிட்டலாக மாற்றும்படி) யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளிக் காப்பகங்களின் சங்கமும் 2019இல் எச்சரித்தன. இருந்தாலும் இது பொருள் தேய்வதால் வரும் இழப்பு. அடுத்து வந்த இழப்பு, பொருள் நன்றாக இருக்கும்போதே திட்டமிட்டு வைக்கப்பட்ட தடையால் நேர்ந்தது.

முதல் பூட்டு

எண்ம ஒலிநாடாக் கருவி 1987இல் சந்தைக்கு வந்தது. அசலுக்கும் பிரதிக்கும் தர வேறுபாடே இல்லாமல் படியெடுக்க அது வழிசெய்ததால் இசை நிறுவனங்கள் கலங்கின. பாடலின் ஓசையிலேயே ஒரு சிறு துண்டை நீக்கி, அதைக் கண்டதும் பதிவுக்கருவி நின்றுவிடும்படி செய்யும் திட்டத்தை அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் முன்வைத்தது. அது இசையின் தரத்தைக் கெடுக்கிறது என்று அந்நாட்டு அரசின் ஆய்வகம் 1988இல் கண்டறிந்ததால் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக வந்ததே தொடர்நகல் கட்டுப்பாட்டு முறை. எண்ம வழியில் எடுத்த பிரதியில் ஓர் அடையாளக் குறி பதியும். அந்தக் குறியைப் பார்க்கும் கருவி, பிரதியிலிருந்து மறுபிரதி எடுக்க மறுக்கும். 1992இல் அமெரிக்கா இதைச் சட்டமாக்கி, வீட்டு உபயோக எண்மப் பதிவுக்கருவிகள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது. உலகச் சந்தைக்கு வந்த கருவிகளும் பெரும்பாலும் அதே முறையில் அமைந்தன.

சொந்தப் பதிவுகளின் துயரம் இங்குதான் தொடங்குகிறது. மைக் வழியாக வரும் ஓசை பாட்டியின் குரலா, ஒலிபெருக்கியில் ஓடும் திரைப்பாடலா என்பதைக் கருவியால் பிரித்தறிய முடியாது. சந்தேகத்தின் பலனை இசை நிறுவனங்களுக்கே கொடுக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. எல்லா ஓசையும் பிறர் உடைமையாகவே கருதப்பட்டது. தன் தாயின் குரலைப் பதிந்தவரும் பிரதியிலிருந்து மறுபிரதி எடுக்க முடியாத நிலை வந்தது. அதே காலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான விலை உயர்ந்த கருவிகளில் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ள முடிந்தது. வசதி உள்ளவருக்குத் திறந்த கதவு, வீட்டில் பதிந்தவருக்கு மூடியது.

மினிடிஸ்க் தந்த பாடம்

சோனி நிறுவனம் 1992இல் அறிமுகப்படுத்திய மினிடிஸ்க், உள்ளங்கை அளவுக் கருவியில் தெளிவான பதிவைத் தந்தது. களஆய்வுக்குச் சென்ற இசை ஆய்வாளர்களும் மொழியியலாளர்களும் உலகெங்கும் அதை விரும்பி வாங்கினர். 2001இல் கணினியோடு இணையும் மினிடிஸ்க் கருவிகள் வந்தன. கணினியிலிருந்து வட்டுக்குப் பாடலை ஏற்ற முடிந்தது. ஆனால் வட்டிலிருந்து கணினிக்கு அதே கேபிள் வழியாக எதையும் இறக்க முடியவில்லை. சொந்த மைக்கில் பதிந்ததற்கும் அதே கதிதான்.

2004இல் வந்த ஹை-எம்.டி. வகைக் கருவி, சொந்தப் பதிவைக் கணினிக்கு இறக்க அனுமதித்தது. ஆனால் அதற்கென வந்த சோனிக்ஸ்டேஜ் மென்பொருளின் தொடக்கப் பதிப்புகள் ஒவ்வொரு பதிவையும் ஒரே ஒரு முறைதான் இறக்கவிட்டன. இறங்கிய கோப்பும் சாவியின்றித் திறக்க முடியாதபடி மறையீடு செய்யப்பட்டு அந்தக் கணினியோடு கட்டப்பட்டிருக்கும். கணினி செயலிழந்தாலோ, வைரஸ் தாக்கி ஃபார்மேட் செய்தாலோ, வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்திருந்த கோப்புகூடப் பாடாது. கோப்பு கண்ணெதிரே இருக்கும். பெயரும் நீளமும் தெரியும். ஓசை மட்டும் வராது. பயனர்களின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகே, கோப்பைப் பொதுவான வடிவத்துக்கு மாற்றும் வசதி வந்தது. கட்டுப்பாடுகளும் படிப்படியாகத் தளர்ந்தன. பழைய வட்டுகளிலிருந்தும் நேரடியாக இறக்கத்தக்க கருவி 2006இல் வந்தது. அதற்குள் மினிடிஸ்க்கின் காலமே முடிந்துகொண்டிருந்தது. 2013இல் கருவிகளின் விற்பனையும், 2025 பிப்ரவரியில் வெற்று வட்டுகளின் உற்பத்தியும் நின்றன.

கணினியிலும் இதே கதை நடந்தது. விண்டோஸ் மீடியா பிளேயரின் பழைய பதிப்புகளில், சிடியிலிருந்து கணினிக்குப் பாடலை ஏற்றும்போது நகல் தடுப்பையும் சேர்த்துவிடும் தேர்வு ஒன்று இருந்தது. திருமணப் பாட்டையோ கோயில் கூத்தையோ கேசட்டிலிருந்து சிடியாக மாற்றி, அந்தத் தேர்வு இயங்கும் நிலையில் கணினிக்கு ஏற்றியவரின் கோப்புகளும் பூட்டோடுதான் சேமிக்கப்பட்டன. உரிமக் கோப்பு அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். கணினியை மாற்றிய நாளில் பதிவும் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகு இசை நிறுவனங்கள் தாங்கள் விற்கும் பாடல்களிலிருந்து பூட்டை எடுத்துவிட்டன. இ.எம்.ஐ. 2007இல் தொடங்கிவைத்தது, 2009இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை எல்லாப் பெரிய நிறுவனங்களின் பாடல்களையும் பூட்டில்லாமல் விற்கத் தொடங்கியது. விலைக்கு விற்ற பாடல்கள் விடுதலை பெற்றன. அந்தப் பூட்டுக்குள் அகப்பட்ட வீட்டுக் குரல்களுக்கு அப்படி யாரும் வந்து சாவி கொடுக்கவில்லை.

செல்போனுக்குள் புதிய பூட்டு

இன்று செஞ்சி வட்டாரத்தில் கூத்து நடக்கும் களத்தில் பதிவுக்கருவி என்றால் செல்போன்தான். அதன் பூட்டு வேறு வகை. நகலைத் தடுப்பது அதன் நோக்கமன்று. போன் திருடுபோனால் உள்ளே இருப்பதைப் பிறர் பார்க்காமல் காப்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் விளைவு, பல நேரங்களில் பழைய பூட்டின் விளைவையே ஒத்திருக்கிறது.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், மெமரி கார்டைப் போனின் உட்புறச் சேமிப்பகமாக மாற்றிக்கொள்ளும் வசதி பல போன்களில் உண்டு. இடம் போதாதவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிச் செய்ததும் கார்டு முழுவதும் மறையீடு ஆகிறது. சாவி போனுக்குள் தங்குகிறது. போன் தண்ணீரில் விழுந்து செயலிழந்தால் கார்டு பழுதில்லாமல் இருந்தும் பயனில்லை. வேறு போனில் போட்டால் ஃபார்மேட் செய்யச் சொல்லும். அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால் கடைசி வாய்ப்பும் போய்விடும்.

வாட்ஸ்அப் 2021 முதல், காப்புப் பிரதிகளையும் முழு மறையீட்டில் வைக்கும் வசதியைத் தருகிறது. அதற்கான கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ மறந்துபோனால், அந்த நிறுவனத்தாலேயே திறந்துதர முடியாது. ஒருவர் இறந்தபின் அவருடைய போனின் திரைப்பூட்டு தெரியாததால் உள்ளே இருக்கும் குரல்களைக் குடும்பம் இழப்பதும் இவ்வகைதான். பாதுகாப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. பதிவை வெளியே எடுத்துவைக்காமல் பூட்டை மட்டும் நம்புவதே ஆபத்து.

சட்டம் யார் பக்கம்?

பதிப்புரிமைச் சட்டம் குறித்த அச்சம் பலருக்கு உண்டு. சொந்தப் பதிவைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு இடமில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவை உருவாக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரே அதன் தயாரிப்பாளர். கூத்துக் கலைஞர்களுக்கும் பாடகர்களுக்கும் அவர்களுடைய நிகழ்த்துதல் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. அதே வேளையில், பதிந்தவரின் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, உண்மையான கற்பித்தல், ஆய்வுக்காகவோ மட்டும் எடுக்கப்படும் பதிவு அந்த உரிமையை மீறாது என்று 39ஆவது பிரிவு சொல்கிறது. விற்கவும் இணையத்தில் வெளியிடவும் கலைஞர்களின் ஒப்புதல் தேவை. வீட்டில் வைத்துக் கேட்கத் தடையில்லை.

பூட்டை உடைப்பது பற்றியும் இந்தியச் சட்டம் நிதானமாகவே பேசுகிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட படைப்பின் பூட்டை உடைப்பதே தனியாகக் குற்றம். மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குகளைக் கேட்டுப் பெற வேண்டும். இந்தியா 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. ஈராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத ஒரு நோக்கத்துக்காகச் செய்வதை அது தடுக்கவில்லை. தன் பதிவைத் தானே மீட்பவர் யாருடைய உரிமையையும் மீறவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிறருக்காகப் பூட்டைத் திறந்து உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, நோக்கம் முதலியவற்றை முழுமையாகப் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும். சிறிய செல்போன் கடைக்கு இது பாரமாகத் தோன்றலாம். ஒரு நூலகத்துக்கோ கல்லூரிக்கோ இது ஒரு படிவமும் ஒரு பதிவேடும்தான். சட்டத்தில் இருக்கும் பெரிய குறை வேறு: பயனரின் சொந்தப் பதிவை வெளியே எடுக்க வழிசெய்து தர வேண்டும் என்ற கடமை கருவியையும் மென்பொருளையும் தயாரிக்கும் நிறுவனத்துக்கு எங்கும் விதிக்கப்படவில்லை. திறக்க உரிமை தந்த சட்டம், திறக்கும் வழியைத் தரவில்லை.

மீட்கும் வழிகள்

பூட்டிய பதிவு அது பதியப்பட்ட கருவியில் இன்னும் பாடுகிறது என்றால், எளிய வழி ஒன்று இருக்கிறது. எந்த எண்மப் பூட்டும் ஓசை காதுக்கு வரும் இடத்தில் முடிந்துவிடும். கருவியின் ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் இழுத்து, கணினியிலோ வேறொரு ரெக்கார்டரிலோ மறுபதிவு செய்யலாம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் இதற்குப் போதும். தரத்தில் மிகச் சிறிய இழப்பு நேரும். பேச்சுக்கும் கூத்துக்கும் அது பொருட்டில்லை. பொறுமைதான் வேண்டும்: எட்டு மணி நேரக் கூத்தை மீட்க எட்டு மணி நேரம் ஆகும்.

கருவி செயலிழந்திருந்தால் அதைத் தூக்கிப் போடக் கூடாது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவும் கூடாது. சாவி அதற்குள்தான் இருக்கிறது. போனின் போர்டைப் பழுதுபார்த்து ஒருமுறை உயிர்ப்பித்தால்கூடக் கார்டைத் திறந்து பதிவுகளை வெளியே எடுத்துவிடலாம். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யுமுன், அதில் இருக்கும் பாட்டுக் கோப்புகள் வேறு கணினியில் பாடுகின்றனவா என்று சோதிப்பது அவசியம்.

புதிதாகப் பதிபவர்கள் தொடக்கத்திலேயே பூட்டைத் தவிர்க்கலாம். பெரும்பாலான கருவிகளில் திறக்கும் வேவ், ஃபிளாக் ஆகிய வடிவங்கள் நீண்ட காலச் சேமிப்புக்கு ஏற்றவை. பன்னாட்டு ஒலி, ஒளிக் காப்பகங்களின் சங்கம், நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற அளவைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைக்கிறது. அந்தத் தரத்தில் இரு தட ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜி.பி. இடம் பிடிக்கும். பத்து இரவுக் கூத்து முழுவதும் 128 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும். எம்.பி.3யில் பதிந்தாலும் தவறில்லை; பூட்டில்லாமல் இருப்பதே முதன்மையானது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக் காப்பாளர்களின் நடைமுறை. ஒவ்வொரு பதிவிலும் ஊர், நாள், கூத்தின் பெயர், வாத்தியார், நடிகர்கள் பெயர்களைத் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுவது பின்னால் பெரும் உதவி.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை

தனிமனிதர்களின் விழிப்பு மட்டும் போதாது. இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டங்களுள் ஒன்றை 1948இல் இயற்றியது தமிழகத்தை உள்ளடக்கிய அன்றைய சென்னை மாகாணம். அதன் வழி வந்த நூலக வலைப்பின்னல் வட்டங்கள் தோறும் விரிந்திருக்கிறது. மாவட்ட மைய நூலகங்களில் ஒலிமீட்பு மையம் ஒன்றை அமைப்பது அரசுக்குப் பெரும் செலவன்று. ஓடும் நிலையில் உள்ள ஒரு கேசட் கருவி, ஒரு கணினி, ஒலியை எண்மமாக்கும் ஒரு சிறு கருவி, பயிற்சி பெற்ற ஒருவர் ஆகியவை போதும். 65ஏ கேட்கும் பதிவேட்டையும் அங்கேயே பேணலாம். வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் எண்மமல்லாத வடிவில் இருக்கும் படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிப்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது.

குடும்பத்தினரும் கலைஞர்களும் விரும்பித் தரும் பிரதிகளை நிலையாகக் காக்க அமைப்புகளும் அருகிலேயே இருக்கின்றன. 1955 முதல் இயங்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செஞ்சியிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் உள்ளன. இசை, கூத்துப் பதிவுகளுக்கென்றே 1982இல் தொடங்கப்பட்ட காப்பகம் தில்லியை அடுத்த குருகிராமில் இயங்குகிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று மாவட்ட நூலகங்களோடு கைகோத்தால், ஊர்ப் பதிவுகள் தொகுப்பாகத் திரளும். யார் கேட்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கலைஞர்களே முடிவுசெய்யும் ஒப்பந்தம் அதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்க உரிமைக்கான பணிகளைத் தொடங்கியது. கருவியைப் பழுதுபார்க்கும் உரிமையோடு, கருவிக்குள் இருக்கும் சொந்தப் பதிவை மீட்கும் உரிமையும் அதில் சேர வேண்டும். கருவியின் மைக்கில் பதிந்த எந்த ஓசையும் நிபந்தனையின்றித் திறந்த வடிவத்தில் வெளியே வர வேண்டும். ஒரு சேவையோ மென்பொருளோ நிறுத்தப்படும்போது, பயனர்களின் பதிவுகளைத் திறக்கும் வழி உரிய கால அவகாசத்தோடு தரப்பட வேண்டும். மெமரி கார்டை மறையீடு செய்யுமுன், போன் பழுதானால் கார்டு திறக்காது என்ற எச்சரிக்கை தமிழில் தெளிவாகத் திரையில் வர வேண்டும். இம்மூன்றும் எந்த இசை நிறுவனத்தின் வருவாயையும் குறைக்காது. இந்தியா 2005இல் ஏற்றுக்கொண்ட யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுக்கான உடன்படிக்கை, வாய்மொழி மரபையும் நிகழ்த்து கலையையும் காக்கும் பொறுப்பை அரசின் மீது வைக்கிறது. அந்தப் பொறுப்பின் முதல் படி, மக்கள் தாங்களே பதிந்துவைத்த குரல்களை அவர்கள் கையிலேயே இருக்கச் செய்வது.